உருவிவிட்டா இளகுமா? ஊசியால் இறுகிப்போன தசையின் கதை

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். இறுகிப்போன தசையை எண்ணெய் போட்டு உருவிவிட்டா, அது பழையபடி இளகுமா? எங்க ஊர்ப்பக்கம், அதாவது பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்திலயும், இதுக்கு யாரைக் கேட்டாலும் "இளகும், ஆனா நாளாகும்"னு சொல்லுவாங்க. அந்த "நாளாகும்"ங்கிற வார்த்தையிலதான் பல குடும்பங்களோட வருஷங்கள் போகுது. நான் டாக்டர் இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன். கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். படிச்சதையும், படிச்சுட்டு சந்தேகம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

மசாஜ்னு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்குக் கழுத்துதான் ஞாபகம் வரும். நாள் பூரா லேப்டாப் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்து, தோள்பட்டைக்கு மேல கல்லு மாதிரி ஒரு உருண்டை. அதைப் பற்றி நான் பேசப்போறதில்லை. அந்த உருண்டையில தசை உயிரோட இருக்கு, சும்மா முறுக்கிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். சூடு, அசைவு, தேய்ப்பு, தூக்கம் எல்லாத்துக்கும் அது இறங்கிவரும். நான் பேசப்போறது தசை செத்து, அந்த இடத்துல நார் முளைச்ச நிலைமையைப் பற்றி. அதுக்குப் பேரு ஃபைப்ரோசிஸ். அந்த நார் தசையைக் குட்டையாக்கி மூட்டை மடக்கவோ நீட்டவோ விடாம பிடிச்சு வச்சா, அது கான்ட்ராக்சர். பாக்குறதுக்கும் தொடுறதுக்கும் ரெண்டு வகையும் "இறுக்கம்"தான். உள்ளே நடக்கிறது வேற வேற.

ஸ்கூல்ல எங்க கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தரையிலதான் உட்காருவோம். எல்லாரும் சம்மணம் போட்டிருப்போம், அவன் மட்டும் ஒரு காலை நீட்டியே வச்சிருப்பான். "காலை மடக்குடா"ன்னு சத்தம் போடாத டீச்சரே இல்லை. அவனால மடக்க முடியலைங்கிறது யாருக்கும் தோணலை. கல்யாணப் பந்தியில அவனை ஓரமா உட்கார வைப்பாங்க, நீட்டுற கால் அடுத்த இலையில படக்கூடாதுன்னு. சாயங்காலம் ஆனா அவனோட அப்பாயி விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் உருவிவிடுவாங்க. வருஷக்கணக்கா. அவன் கைக்குழந்தையா இருந்தப்போ அடிக்கடி காய்ச்சல் வருமாம், ஒவ்வொரு தடவையும் தொடையில ஊசி போடுவாங்களாம். இந்த ரெண்டு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க அந்த வீட்டுல யாருக்கும் வாய்ப்பு கிடைக்கலை.

சேர்த்துப் பார்த்தவர் ஒருத்தர் சென்னையில இருந்தார். எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டி.கே. சண்முகசுந்தரம். 1980-ல் ஒரு சர்வதேச எலும்பு மருத்துவ இதழ்ல அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஊசி போட்டதுக்கு அப்புறம் தசை நாராகிப்போன 169 பேரை அவரே பார்த்துத் தொகுத்த கட்டுரை அது. தனி ஒரு டாக்டர் கையில 169 பேர்னா, இது எங்கேயோ ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற விசித்திர நோய் இல்லைன்னு புரியும்.

நம்ம ஊர் மட்டுமும் இல்லை. 1970-களில் ஜப்பான்ல, முக்கியமா யமனாஷி பகுதியில, முழங்காலை மடக்க முடியாத குழந்தைகள் கூட்டமா வந்தாங்க. காரணம் கைக்குழந்தையா இருந்தப்போ சளிக்கும் காய்ச்சலுக்கும் தொடையில போட்ட ஊசிகள். கோர்ட் வரைக்கும் போன விவகாரம் அது. சீனாவுல பென்சிலின் ஊசி வலிக்கக்கூடாதுன்னு பென்சைல் ஆல்கஹாலில் கலந்து பின்புறத்துல போட்டாங்க. விளைவு, பிட்டத் தசை நாராகிப்போன பிள்ளைகள் ஏராளம். கிழக்கு உகாண்டாவுல கூமி பகுதியில இதே பிட்டத் தசைப் பிரச்சினை, அங்கே சந்தேகப்படுறது மலேரியாவுக்குப் போட்ட குயினைன் ஊசியை.

உள்ளே நடக்கிறது இதுதான். தசைக்குள்ள போற மருந்து சிலது எரிச்சலூட்டும் ரசாயனம். சின்னக் குழந்தையோட சின்னத் தசைக்குள்ள அத்தனை மில்லி திரவம் போறப்போ அழுத்தமும் கூடுது. சுத்தி இருக்கிற தசை இழைகள் சாகுது. ஒரு தடவைன்னா உடம்பு புது இழைகளை வளர்த்து ஒட்டுப்போட்டு சரிபண்ணிடும். அதே இடத்துல திரும்பத் திரும்ப நடந்தா, சரிபண்ண நேரம் கிடைக்காம, அங்கே கொலாஜன் நாரைக் கொண்டு அடைச்சிடும். தோல்ல வெட்டுக்காயம் ஆறி தழும்பு விழுதே, அதே தழும்பு தசைக்குள்ள.

இப்போ அந்தக் குழந்தை வளருது. எலும்பு நீளமாகுது. நல்ல தசை எலும்பு வளர வளர தானும் நீளத்தைக் கூட்டிக்கிட்டே போகும். தழும்புக்கு அந்தத் திறமை கிடையாது. அதனாலதான் ஊசி போட்டது ஒரு வயசுல, கால் மடங்கலைன்னு தெரியுறது நாலு, அஞ்சு, ஆறு வயசுல. நடுவுல அத்தனை வருஷம் போயிடறதால ஊசியை யாரும் சந்தேகப்படுறதே இல்லை. புரொடக்‌ஷன்ல இன்னைக்கு வெடிக்கிற பக் மூணு வருஷத்துக்கு முன்னாடி யாரோ போட்ட கமிட்ல இருக்கும்னு நம்ம தொழில்ல சொல்லுவோமே, அந்தக் கதை.

எந்தத் தசைங்கிறதை உட்கார்ற விதமே காட்டிக்கொடுக்கும். முன்தொடைத் தசைன்னா முழங்கால் மடங்காது, சம்மணம் போட முடியாது. குப்புறப் படுக்கவச்சு முழங்காலை மடக்கினா இடுப்பு மேல எழும்பும். பிட்டத் தசைன்னா வேடிக்கையா இருக்கும், சம்மணம் நல்லாவே வரும். ஆனா ரெண்டு முழங்காலையும் சேர்த்து வச்சுக் குந்த முடியாது, தவளை மாதிரி கால் விரியும். கால் மேல கால் போடவும் வராது. தோள்பட்டைத் தசைன்னா கை உடம்போட ஒட்டாது, அக்குள்ல தேங்காயை இடுக்கிட்டு நிக்கிற மாதிரி விலகியே நிக்கும்.

குந்த முடியலைங்கிறது பெங்களூர்ல ஜிம்மில் ஸ்குவாட் வரலைங்கிற அளவுக்கான பிரச்சினை. எங்க ஊர்ல அப்படி இல்லைங்க. பெரம்பலூர்ல சின்ன வெங்காயம் நடுறது, களை எடுக்கிறது, வெங்காயத்துல தாள் அரியறது எல்லாமே குந்தியோ காலை மடக்கியோ செய்யுற வேலை. பருத்திக் காட்டுல களை வெட்டினவங்களுக்கும் தெரியும். வீட்டுக் கழிவறையும் பெரும்பாலும் குந்துற கழிவறைதான். மடங்காத ஒரு முழங்கால் இங்கே வருமானத்தையும் கல்யாணப் பேச்சையும் தொடுற விஷயம்.

சரி, மசாஜுக்கு வருவோம்.

நம்ம சித்த மருத்துவத்துல இதுக்குத் தொக்கணம்னு பேரு. ஒன்பது வகை சொல்லியிருக்காங்க: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இந்தப் பட்டியலை முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஒரு ஆச்சரியம். தேய்க்கிறதுன்னு நாம நினைக்கிறது இதுல ஒரு பகுதிதான். இழுக்கிறதும் அசைக்கிறதும் தனித்தனியா எண்ணப்பட்டிருக்கு. நம்ம வீடுகள்ல எண்ணெய் போட்டு அழுத்துறதோட நிறுத்திடறோம். இழுத்தலும் அசைத்தலும் எப்படியோ காணாமப் போச்சு. ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டா முதல்ல அந்த ரெண்டைத்தான் கேட்பாங்க.

ஆராய்ச்சிகள் என்ன சொல்லுதுன்னு பார்த்தா, மசாஜுக்கு உண்மையான வேலை இருக்கு. 2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 11 இளைஞர்களைக் களைச்சு விழுற வரைக்கும் சைக்கிள் மிதிக்கவச்சு, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிஷம் மசாஜ் கொடுத்து, ரெண்டு தொடையில இருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தாங்க. மசாஜ் வாங்கின கால்ல அழற்சிச் சமிக்ஞைகள் குறைவு. "லாக்டிக் ஆசிட் வெளியே போயிடும்"னு எல்லா ஸ்பாவுலயும் சொல்றாங்களே, அது மட்டும் நடக்கலை.

அதைவிட நம்ம கேள்விக்கு நெருக்கமானது அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்துல எலிகளை வச்சு நடந்த வேலை. 2016-ல் வெளிவந்தது. எலிகளுக்கு ஒரே இழுப்பு வேலையைப் பல வாரம் திரும்பத் திரும்பக் கொடுத்தாங்க. சும்மா விட்ட எலிகளின் முன்னங்கையில் நார் படிஞ்சது. வேலை நடந்த அதே வாரங்கள்ல முன்னங்கையை நீவிவிட்ட எலிகளுக்கு நார் படியறது கணிசமா குறைஞ்சது. கவனிங்க, வேலை நடந்த அதே வாரங்கள்ல. நார் படியறதுக்கு முன்னாடியே கை வச்சுட்டாங்க. எலியில் நடந்தது மனுஷங்க கிட்ட அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது, ஆனா எந்தக் கட்டத்துல கை வைக்கணும்ங்கிறதுக்கு நல்ல துப்பு.

முத்திப்போன நாருக்கு வேற கணக்கு. 2008-ல் ஒரு குழு, கையால கொடுக்கிற அழுத்தம் தசையுறைகளை எவ்வளவு மாத்தும்னு ஒரு கணித மாதிரி போட்டுப் பார்த்தது. தொடையின் வெளிப்பக்க உறையும் பாதத்தின் அடி உறையும் ஒரே ஒரு சதவீதம் அமுங்கணும்னாலே நூற்றுக்கணக்கான கிலோ எடை தேவைன்னு வந்தது. அரியலூர்க்காரங்களுக்குச் சொல்லணும்னா பத்துக்கு மேல சிமென்ட் மூட்டை. எந்த உஸ்தாதோட கட்டை விரலும் அவ்வளவு தாங்காது. அது ஆரோக்கியமான உறைக்கான கணக்குதான், தசைத் தழும்புக்கு இல்லை. இருந்தாலும் "உள்ள இருக்கிற முடிச்சை உடைச்சு விட்டுட்டேன்"னு யாராவது சொன்னா அந்த மூட்டைகளை நினைச்சுக்கோங்க. வலி குறையலாம், நரம்பு நிதானமாகி தசை கொஞ்சம் தளரலாம், அதெல்லாம் உண்மை. கொலாஜன் நார் கரைஞ்சு மறுபடி தசையாகாது.

அப்போ நாரான தசைக்கு மருந்தே கை கிடையாதான்னா, அதுக்கு ஒரு அழகான விதிவிலக்கு இருக்கு. பிறந்து ரெண்டு, மூணு வாரத்துல சில குழந்தைகளுக்குக் கழுத்துப் பக்கவாட்டுத் தசையில ஒரு சின்ன கட்டி தட்டுப்படும், தலை ஒரு பக்கமாவே சாயும். பிறவிக் கழுத்துச் சாய்வு. அதுவும் தசைக்குள்ள நார்தான். ஹாங்காங்ல செங் என்ற மருத்துவரோட குழு ஒரு வயசுக்குள்ளான 821 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2001-ல் எழுதினாங்க. பயிற்சி பெற்றவங்க கையால மெதுவா இழுத்து நீட்டுற சிகிச்சை மட்டும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல நல்ல பலன். ஆபரேஷன் வரைக்கும் போனது ஒரு சிறு பகுதிதான். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிச்சாங்களோ அவ்வளவு நல்லா வந்தது. நார் இளசு, குழந்தை வேகமா வளர்ற காலம், இழுப்புக்கு உடம்பு ஒத்துழைக்குது.

இதைக் கேட்டுட்டு யாராவது "அதான் எங்க பாட்டி உரம் எடுப்பாங்களே"ன்னு சொல்லக்கூடும். குழந்தைக்கு உரம் விழுந்துடுச்சுன்னு புடவையில போட்டு உருட்டுறது நம்ம ஊர்ல இன்னைக்கும் நடக்குது. அது வேற, இது வேற. அந்த உருட்டல்ல கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு போகுதுன்னு யார் கையிலும் கட்டுப்பாடு இல்லை. கட்டி தட்டுப்பட்டா, தலை ஒரே பக்கம் சாய்ஞ்சா, குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க. எப்படி நீட்டணும்னு அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்து அனுப்புவாங்க, வீட்டுலயே தினமும் செய்யலாம்.

மசாஜ் கெடுதலே பண்ற ஒரு இடமும் இருக்கு, முழங்கை. பிள்ளைங்க மரத்துல இருந்தோ சைக்கிள்ல இருந்தோ விழுந்து முழங்கையில அடிபட்டா, எக்ஸ்ரே கூட எடுக்காம "சுளுக்கு"ன்னு முடிவு பண்ணி எண்ணெய் போட்டு உருவிவிடுவாங்க. அடிபட்ட முழங்கைத் தசையை அழுத்தி உருவினா, அந்த ரத்தக்கட்டுக்குள்ள எலும்பே உருவாகலாம். கதை இல்லைங்க, மயோசைடிஸ் ஆஸிஃபிகன்ஸ்னு பேரு. எலும்பு மருத்துவம் படிக்கிற எல்லாருக்கும் சொல்லித்தர்ற பாடம், அடிபட்ட முழங்கையை மசாஜ் பண்ணக்கூடாதுங்கிறது. அதே முழங்கையில இறுக்கமா மூங்கில் பத்தை வச்சுக் கட்டினா ஆபத்து இன்னும் வேகமா வரும். வீக்கம் கூடக் கூட ரத்த ஓட்டம் நின்னு, சில மணி நேரத்துல முன்கைத் தசை சாக ஆரம்பிக்கும். பிறகு அது நாராகி விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிடும். 1881-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் விவரிச்சதால அவர் பேரையே வச்சுட்டாங்க. கட்டுப் போட்ட பிள்ளை வலி தாங்காம கத்தினா, விரலை நீட்டிவிட்டதும் வலி உயிர் போச்சுன்னா, கட்டை உடனே பிரிக்கணும். காலையில பார்த்துக்கலாம்னு விடுற விஷயமே கிடையாது.

பக்கவாதம் வந்தவங்க வீட்டுல இருந்தா, அவங்க நிலைமை கொஞ்சம் வேற. அங்கே தசை சாகலை, மூளையிலிருந்து வர்ற கட்டளை கெட்டுப்போனதால கை மடங்கியே இருக்கு. மடங்கியே இருக்கிற தசை மெல்ல மெல்லக் குட்டையாகி நாராகுது. இங்கே ஒரு சங்கடமான உண்மை. இழுத்து நீட்டுற சிகிச்சையைப் பற்றி 2017-ல் காக்ரன் அமைப்பு 49 ஆய்வுகள், 2,135 பேரோட தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நரம்புப் பாதிப்பு உள்ளவங்களுக்குக் கிடைச்ச லாபம் சராசரியா 2 டிகிரி. ரெண்டு டிகிரியில சட்டைக் கையைக் கூட மாட்ட முடியாது. அதுக்காகச் சும்மா படுக்கவச்சுடுங்கன்னு அர்த்தம் இல்லை. அவங்களால முடிஞ்ச அசைவை அவங்களையே செய்ய வைக்கிறது, கை காலைச் சரியான நிலையில வைக்கிறது, இறுக்கம் அதிகம்னா பாட்டுலினம் ஊசி பற்றி டாக்டரைக் கேக்கிறது, இதெல்லாம் இருக்கு. தேய்ச்சுவிடறதையும் நிறுத்த வேண்டாம். வலி குறையும், தோல் நல்லா இருக்கும், பேசாம படுத்திருக்கிற மனுஷருக்கு ஒரு கை மேல பட்ட ஆறுதல் கிடைக்கும். சிகிச்சையே அது மட்டும்தான்னு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபி செய்றவங்க வீட்டுக்கே வருவாங்க. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுத்தாப் போதும். எங்க சொந்தக்காரங்க வீடுகள்லயே பாதிப் பேருக்கு இது தெரியலை.

ஊசி இறுக்கின தசைக்குத் திரும்பி வர்றேன். முழுசா நாராகிப்போனா வழி அறுவை சிகிச்சைதான். நார்ப்பட்டையை வெட்டி விடுவிக்கிறது, முன்தொடைன்னா தசையைக் கொஞ்சம் நீட்டி அமைக்கிறது. அதுக்கு மறுநாள்ல இருந்து ஆரம்பிக்குது நிஜமான உழைப்பு. மடக்கி மடக்கிப் பழக்கலைன்னா வெட்டின இடத்துல புதுத் தழும்பு விழுந்து மறுபடி இறுகிடும். தையல் ஆறின பிறகு தழும்பைத் தேய்ச்சுவிடறதும் அந்தப் பயிற்சியில ஒரு பங்கு. மூட்டும் எலும்பும் தவறான உருவத்துல வளர்றதுக்கு முன்னாடி, சின்ன வயசுலயே பண்ணா நல்லது. முன்னாடி இதுக்கெல்லாம் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறணும். 2022 ஜனவரியில அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. எலும்பு மருத்துவரை ஒரு தடவை பார்க்கிறதுக்குப் பயணம் குறைஞ்சிருக்கு.

என் கிளாஸ்மேட்டுக்கு ஆபரேஷன் நடந்தது, ஆனா கல்லூரி முடிச்ச பிறகு. இப்போ சேர்ல உட்கார்ற அளவுக்கு முழங்கால் மடங்குது. சம்மணம் வராது. அவன்கிட்ட அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்றேன். அப்பாயியைக் குறை சொல்லிடாதேன்னு மட்டும் சொன்னான். சொல்லலை. கையில இருந்த ஒரே மருந்தை அவங்க அத்தனை வருஷம் விடாம கொடுத்தாங்க.

ஒரு சந்தேகம் கண்டிப்பா வரும்: அப்போ தடுப்பூசி? தாராளமா போடுங்க. தடுப்பூசியில போறது அரை மில்லி அளவு, எத்தனை தடவைன்னு கணக்கு இருக்கு, இடமும் யோசிச்சு வச்சது. சிக்கல் வர்றது வேற இடத்துல. சாதாரண சளி, காய்ச்சல், உடம்பு வலிக்கெல்லாம் "ஒரு ஊசி போடுங்க டாக்டர், அப்பத்தான் கேக்கும்"னு நாமே கேட்டு வாங்குறோம் பாருங்க, அதைத்தான் சொல்றேன். ஊசி போடலைன்னா அந்த கிளினிக்குக்குக் கூட்டமே வராதுங்கிற நிலைமையை நாமதான் உண்டாக்கி வச்சிருக்கோம். அடுத்த தடவை குழந்தையைத் தூக்கிட்டுப் போறப்போ, "வாயால கொடுக்கிற மருந்து போதுமா டாக்டர்?"னு கேளுங்க. பெரும்பாலும் போதும்னுதான் பதில் வரும். சிரப் எழுதிக் கொடுத்தா, அந்த டாக்டருக்கு வைத்தியம் தெரியலைன்னு தெருவுல சொல்லாதீங்க.

அடுத்த எபிசோட்ல தோள்பட்டை உறைஞ்சுபோற பிரச்சினை, அது ஏன் சர்க்கரை நோயாளிகளைத் தேடி வருதுன்னு பார்ப்போம். பை மக்களே.